பொன்னி அரிசிக்குப் பின்னால் ஒரு கீழக்கரைக்காரர்

நமது மடலின் இந்தப் பகுதியில் அரசியல் தலைவர்கள், சங்கீத வித்வான்கள், பழைய சினிமாக்காரர்கள் என்று பலரைப் பார்த்துவிட்டோம். இந்தக் காலாண்டுக்கு வேறு மாதிரி ஒருவரை எடுத்துக்கொண்டேன். விவசாய ஆராய்ச்சி உலகத்தில் அவர் மிகப் பிரபலம். பத்மஸ்ரீ, பத்மபூஷண் இரண்டும் பெற்றவர், ராஜ்ய சபையில் உட்கார்ந்தவர். ஆனால் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அவருடைய வேலையை மட்டும் தினமும் இரண்டு வேளை தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்தான் நெல் விஞ்ஞானி கே. ராமையா.

1892 ஏப்ரலில் ராமநாதபுரம் சீமையில் கீழக்கரையில் பிறந்தார். முத்துக்கும் சங்குக்கும் பேர்போன ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. காவிரிக் கரையில் பிறந்தவர் நெல்லைப் பற்றி யோசித்திருந்தால் ஆச்சரியமில்லை, கடற்கரையிலிருந்து வந்தவர் ஆயுள் முழுவதும் நெற்பயிரோடு மல்லுக்கட்டினார் என்பதுதான் விசேஷம். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் படித்து, சென்னை மாகாண விவசாயத் துறையில் சேர்ந்தார். பிற்பாடு இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு வந்தார்.

கோயம்புத்தூரில் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார்கள். எஃப். ஆர். பார்னெல் என்ற ஆங்கிலேயர் அங்கே தலைமை. அவரிடம் உதவியாளராக இருந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் ராமையா, இன்னொருவர் ஜி. என். ரங்கசாமி அய்யங்கார். நெல்லின் குணங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்பது பற்றி மூவரும் சேர்ந்து 1917இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நம் நாட்டு நெல்லுக்கு மெண்டலின் விதியைப் பொருத்திப் பார்த்த ஆரம்ப வேலைகளில் அது ஒன்று. அய்யங்கார் பிறகு கம்பு, சோளம் போன்ற புன்செய்த் தானியங்கள் பக்கம் போய்விட்டார். பார்னெல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பருத்தியில் பேர் வாங்கினார். கோயம்புத்தூரில் நெல் ராமையாவின் கைக்கு வந்தது.

அந்த நிலையத்தின் முதல் பெரிய வெற்றி ஜி.இ.பி. 24 என்ற ரகம். கோணாமணி என்ற மோட்டா ரகம் வளர்ந்த வயலில் தானாகவே மாறி வந்திருந்த ஒரு செடியைக் கவனித்து எடுத்தார்கள். நெல் மணி சன்னமாக இருந்தது, சோறும் நன்றாக இருந்தது. அதைப் பெருக்கி 1921இல் வெளியிட்டார்கள். ஜி.இ.பி. என்பது அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற ஆங்கிலப் பதவிப் பெயரின் முதலெழுத்துகள். ஊர் மக்கள் அந்த உத்தியோகப் பெயரையெல்லாம் லட்சியம் செய்யவில்லை, கிச்சிலி சம்பா என்றே அழைத்தார்கள். இந்த ரகத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும்.

இதற்குச் சற்று முன்பே தஞ்சாவூரில் ஒரு பேரிடி விழுந்திருந்தது. 1919இல் காவிரி டெல்டாவில் குலை நோய் கொள்ளை நோயாகப் பரவியது. குலை நோய் என்பது ஒரு பூஞ்சாணத்தால் வருவது. முதலில் இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இலை கருகித் தீய்ந்துபோகும். அதோடு போனால் பரவாயில்லை. கதிர் வெளிவரும் சமயத்தில் கதிரின் கழுத்துப் பக்கத்தைப் பிடித்தால்தான் ஆபத்து. கழுத்து கறுத்து ஒடியும், பால் ஏறாது, மணி அத்தனையும் பதர். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் வெளுத்து, விளைந்தது போலவே தெரியும். கையில் உருவிப் பார்த்தால் வெறும் உமி.

இந்த நோய்க்கு வேண்டியது குளிர்ந்த இரவு, பனி, மூடாக்கு வானம், தழைச்சத்து அதிகமான செழித்த பயிர். ஐப்பசி முதல் தை வரை டெல்டாவில் இவை நான்கும் சேர்ந்தே அமையும். இதில் கொடுமை என்னவென்றால் அக்கறையாக உரம் போட்டவர் வயலில்தான் நோய் முதலில் இறங்கும். பாங்கில் பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். நன்றாகப் பாடுபடும் ஆள், தவணை தவறாதவர், அவர் கணக்குத்தான் அந்த வருஷம் பாக்கியில் நிற்கும். கேட்டால், கழுத்தில் குலை விழுந்துவிட்டது சார் என்பார். லெட்ஜரில் அதற்குத் தனிக் கலம் கிடையாது.

இன்றைக்கு மருந்து தெளிக்கலாம். அன்றைக்குக் குத்தகை விவசாயிக்கு மருந்தும் கிடையாது, தெளிப்பானும் கிடையாது. ஒரே வழி, நோய் தாங்கும் ரகத்தைக் கண்டுபிடிப்பது. கோயம்புத்தூரில் பூஞ்சாண நோய் நிபுணர்களும் நெல் நிலையத்தாரும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கினார்கள்.

ரகங்களை நோய்க்குச் சோதிப்பது என்றால் நாம் நினைப்பது போல் கண்ணாடிக் குழாயும் நுண்ணோக்கியும் மட்டும் இல்லை. அடிப்படையில் அது வயல் வேலை. நோய் கடுமையாக விழும் இடத்தில், விழும் பருவத்தில், பல ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்க வேண்டும். நோய்க்கு எளிதில் ஆளாகும் ஒரு ரகத்தை நடுநடுவே விதைக்க வேண்டும். அதற்கு நோய் வந்தால்தான் மற்றவை தப்பியதற்கு அர்த்தம் உண்டு. அதற்கே வரவில்லை என்றால் அந்த வருஷம் சோதனை செல்லாது. பிற்காலத்தில் இதை ஒழுங்கான முறையாக்கி உலகம் முழுவதும் ஒரே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். மேட்டுப் பாத்தி போட்டு, சோதிக்கும் ரகங்களை நெருக்கமாக வரிசை வரிசையாக விதைத்து, சுற்றிலும் நோய் பிடிக்கும் ரகத்தை வேலி மாதிரி விதைத்து, வேண்டுமென்றே தழைச்சத்தை அள்ளிப் போட்டு, மாலையில் தண்ணீர் தெளித்து மூடி வைப்பார்கள். போதாததற்கு நோய் கண்ட இலைகளை நறுக்கி மேலே தூவுவார்கள். ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும். பூஜ்யத்திலிருந்து 9 வரை மதிப்பெண். நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர்மாறு, இங்கே பூஜ்யம் வாங்கியவன்தான் முதல் ரேங்க்.

கோயம்புத்தூரில் இப்படிப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததில் தலைநிமிர்ந்து நின்றது ஆனைக்கொம்பன் என்ற பழைய நாட்டு ரகத்திலிருந்து பிரித்தெடுத்த கோ. 4. பக்கத்து வரிசை கருகிக் கிடந்தாலும் இது பச்சையாக நிற்கும். நோய்க்கு விடை நம் முன்னோர் வயலிலேயே இருந்திருக்கிறது. அதைப் பல ரகங்களோடு சேர்த்து நிறுத்தி, அடையாளம் கண்டு, எழுதி வைக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நாட்டு ரகங்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். எல்லா நாட்டு ரகமும் நோய் தாங்கும் என்ற பேச்சு மட்டும் சரியில்லை. கொறங்கு சம்பாவும் நாட்டு ரகம்தான், அதிலிருந்து ஆடுதுறையில் எடுத்த ஏ.டி.டி. 10 குலை நோய்க்குச் சுலபமாக இரையாகியது. சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இந்த இரண்டு ரகமே சாட்சி.

கோ. 4 கிடைத்ததோடு வேலை முடிந்திருந்தால் ராமையாவைப் பற்றி எழுத அதிகம் இருந்திருக்காது. விவசாயிக்குப் பிடித்த ரகம் ஒன்று, நோய் தாங்கும் ரகம் வேறொன்று. இரண்டையும் ஒரே செடியில் கொண்டுவர வேண்டும், அதாவது ஒட்டுச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் நெல்லில் ஒட்டுச் சேர்க்கையை முறையான, தொடர்ச்சியான வேலையாக நடத்திக் காட்டியவர் என்றுதான் ராமையாவுக்கு இன்றும் பெயர்.

நெல்லில் ஒட்டுச் சேர்ப்பது சின்ன வேலை இல்லை. நெற்பூ தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். முற்பகலில் கொஞ்ச நேரம்தான் உமி திறந்திருக்கும், உடனே மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் நெல் மணி அளவுள்ள பூவின் உமியை விலக்கி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சூல் முடியில் படாமல் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் எல்லாம் வீண். பிறகு மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, காகிதப் பை போட்டு மூடி, சீட்டுக் கட்டி, பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு விதைதான் கிடைக்கும். அதுவும் பிடித்தால்.

அந்த விதையை விதைத்தால் முதல் தலைமுறை. அதன் பிள்ளைகளில்தான் குணங்கள் பிரிந்து விதவிதமாக வரும். ஆயிரக்கணக்கில் வளர்த்து, நோயில் தள்ளிப் பார்த்து, தப்பியவற்றில் நல்ல கதிர் உள்ளதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, மறுபடி நோயில் தள்ளி, குணம் நிலைக்கும் வரை தொடர வேண்டும். நீண்ட நாள் சம்பா ரகம் என்றால் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடிப்பார். கோ. 4ஐயும் ஏ.டி.டி. 10ஐயும் சேர்த்த வழியில் கோ. 25, கோ. 26 ஆகிய குலை நோய் தாங்கும் ரகங்கள் விவசாயிகள் கைக்கு வந்தபோது ராமையா கோயம்புத்தூரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவர் அங்கே செய்த மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லின் இனச்செல்களில் இருக்கும் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பாதி எண்ணிக்கை குரோமோசோம் மட்டும் உள்ள அபூர்வமான செடியைப் பற்றி 1930களில் சக ஆராய்ச்சியாளர்களோடு எழுதினார். எக்ஸ்ரே பாய்ச்சி நெல்லில் மாறுதல் உண்டாக்கிப் பார்த்தார். சென்னை மாகாணத்து நெல்லைப் பற்றி ஒரு புத்தகம், பிறகு நெல் மரபியல் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. நடுவில் சில ஆண்டுகள் இந்தூரில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பருத்தியைப் பார்த்துக்கொண்டார். நெல்லைத் தெரிந்தவரை எதற்குப் பருத்திக்கு அனுப்பினார்கள் என்று தோன்றலாம். உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

மறுபடி அவரை நெல்லுக்குக் கொண்டுவந்தது ஒரு பஞ்சம். 1942இல் வங்காளத்தில் புயலும் மழையுமாக இருந்த பருவத்தில் நெற்பயிரை இன்னொரு பூஞ்சாணம் தாக்கியது. பழுப்புப் புள்ளி நோய் என்போம். அடுத்த வருஷம் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. அப்போது வங்காளத்துக்குப் பூஞ்சாண நோய் நிபுணராகப் போனவர் எஸ். ஒய். பத்மநாபன் என்ற இளைஞர். அவர் பிற்காலத்தில், 1973இல், ஆராய்ச்சி நிலையங்களின் பழைய விளைச்சல் கணக்குகளை வைத்து, அந்த நோயால் பல ரகங்களில் விளைச்சல் பாதிக்கும் கீழே போனது என்று காட்டினார். பஞ்சத்துக்கு அதுவே முக்கியக் காரணமா என்பது வேறு விஷயம். அரிசி மொத்தத்தில் அவ்வளவு குறையவில்லை, விலையும் கூலியும் யுத்தகால நிர்வாகமும்தான் மக்களைக் கொன்றன என்று அமர்த்தியா சென் வாதிட்டார். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு சென் சொல்வதுதான் கூடுதலாகப் புரிகிறது. ஆனாலும் கூலிக்காரன் கையில் காசில்லாத வருஷத்தில் பயிரிலும் நோய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை பத்மநாபனின் கணக்கு காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பஞ்சத்துக்குப் பிறகு, நெல்லுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று முடிவாகி, 1946இல் ஒரிசாவில் கட்டாக்கில் தொடங்கினார்கள். முதல் இயக்குநர் ராமையா. நிலம், கட்டடம், ஆட்கள் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை. பல மாகாணங்களிலிருந்தும் நெல் ரகங்களைத் திரட்டி, ஒரே இடத்தில் வளர்த்து, எது எந்த நோயைத் தாங்கும், எது எந்தப் பூச்சியைத் தாங்கும் என்று பார்க்கும் வேலைக்கு அங்கே அடித்தளம் அமைந்தது. பத்மநாபனும் அங்கே பணியாற்றி, பின்னாளில் அதன் இயக்குநரானார்.

கட்டாக்கில்தான் ராமையாவின் பெரிய யோசனை செயலுக்கு வந்தது. நம் ஊர் நெல் இண்டிகா இனம். உயரமாக வளரும், உரம் போட்டால் இன்னும் உயர்ந்து சாய்ந்துவிடும். ஜப்பான்காரர்களின் ஜப்பானிகா இனம் குட்டை, உரத்துக்குத் தகுந்தபடி விளையும். ஆனால் நம் வெயிலும் நோயும் அதற்கு ஒத்துவராது, சோறும் பசை மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன? ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இதை ஏற்றது. 1950களின் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துக் கட்டாக்கில் ஒட்டுச் சேர்த்து, விதைகளை அந்தந்த நாடுகளுக்கு அனுப்பினார்கள். எம். எஸ். சுவாமிநாதன் 1954இல் சில காலம் இந்தத் திட்டத்தில் வேலை பார்த்தார். ராமையா அதற்குள் அந்த அமைப்பின் நெல் நிபுணராக பாங்காக் போய்விட்டார்.

திட்டம் பெரும்பாலும் தோல்வி என்றுதான் அப்போது எழுதினார்கள். தூரத்து இனங்கள் சேர்ந்ததால் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பதராகவே நின்றன. நூற்றுக்கணக்கான ஒட்டுகளில் பேர் சொல்ல மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் மிஞ்சியவை என்னென்ன என்று பாருங்கள். ஜப்பானின் நோரின் 10ஐயும் நம் பழைய ஜி.இ.பி. 24ஐயும் சேர்த்து வந்தது ஏ.டி.டி. 27. 1960களின் நடுவில் தஞ்சாவூர்க் குறுவையை அதுதான் மாற்றியது. மலேயாவுக்குப் போன விதைகளில் ஒன்றிலிருந்து மஷூரி என்ற ரகம் வந்தது. அது இந்தியாவுக்குத் திரும்பி வந்து, தமிழ்நாட்டில் பொன்னி என்று பேர் வாங்கியது. 1986இல் அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் நாம் வாங்கும் வெள்ளைப் பொன்னி. அதே 1986இல் ஆந்திராவில் பாபட்லாவில் வெளியிட்ட பி.பி.டி. 5204, கடைக்காரர் டீலக்ஸ் பொன்னி என்று மூட்டையில் எழுதி விற்பது, அதன் பரம்பரையில் மஷூரியும் உண்டு, ஜி.இ.பி. 24ம் உண்டு. ஆக அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ எந்தக் கடையில் சன்ன அரிசி வாங்கினாலும் இவருடைய வரவுசெலவுக்குள்தான் வருகிறோம்.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான சங்கதி ஒன்று உண்டு. ஆவடியைத் தாண்டி, திருவள்ளூருக்கு முன்னால், செவ்வாப்பேட்டைப் பக்கம் திரூரில் 1942 முதல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்குப்பம் என்பதன் சுருக்கம்தான் டி.கே.எம். அங்கே ஜி.இ.பி. 24ஐயும் கோ. 18ஐயும் சேர்த்து 1950களில் வந்த டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கிக்கொண்டு போய், தன் ரகத்தோடு சேர்த்து ஐ.ஆர். 20 உண்டாக்கியது. 1970களில் நாம் வாங்கிச் சாப்பிட்ட அந்த ஐ.ஆர். 20க்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தாய்வீடு உண்டு என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது. நம் நகரில் பலர் வைத்திருக்கும் தாய்ப் பத்திரங்களில் மனை இருக்கும் இடம் நஞ்சை என்றுதான் எழுதியிருக்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமிதான் இது.

குலை நோய் இன்னும் போகவில்லை. பூஞ்சாணம் சும்மா இருப்பதில்லை, தாங்கும் ரகம் ஒன்று வந்தால் சில வருஷத்தில் அதையும் தாக்கும் புது வகையாக மாறிவிடுகிறது. நாம் விரும்பிச் சாப்பிடும் பி.பி.டி. 5204 குலை நோய்க்கு வெகு சீக்கிரம் ஆளாகும். நமக்குச் சோறு வெள்ளையாக, உதிரி உதிரியாக வேண்டும் என்பதற்காக விவசாயி ஒவ்வொரு பனிக்காலமும் மருந்தடிக்கிறார். இதில் ஒரு வேடிக்கை. கோ. 4 வந்த அதே கோயம்புத்தூரிலிருந்து 1970களில் வந்த கோ. 39க்கு குலை நோய் அத்தனை சுலபமாகப் பிடிக்கும். அதனாலேயே பல நாட்டு ஆராய்ச்சிப் பாத்திகளில் அதைத்தான் நடுவில் விதைக்கிறார்கள், நோய் வந்ததா என்று பார்க்க. நோய் தாங்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றிப் பார்த்துத்தான் எந்த மரபணு எந்த வகைப் பூஞ்சாணத்தைத் தடுக்கிறது என்று பிரித்தறிந்தார்கள். நோஞ்சான் பிள்ளைக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

ராமையாவுக்கு 1957இல் பத்மஸ்ரீயும் 1970இல் பத்மபூஷணும் கொடுத்தார்கள். 1968இல் ராஜ்ய சபைக்கு நியமன உறுப்பினரானார். 1988 ஆகஸ்டில், 96 வயதில் காலமானார். வெள்ளைப் பொன்னி வெளிவந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

திரூர் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்தால், பத்துப் பதினைந்து பேராகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. சம்பா பயிர் கதிர் வாங்கும் சமயம், மார்கழியில் போனால் நல்லது. வர விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். ரயிலில் போவதாக உத்தேசம்.